நஞ்சுக் கிண்ணமும் தெய்வ நம்பிக்கையும்

கி.மு. 399-ஆம் ஆண்டு. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகர நீதிமன்றத்தில் எழுபது வயது முதியவர் ஒருவர் விசாரணைக்கு நின்றார். ஏறத்தாழ ஐந்நூறு குடிமக்கள் நடுவர்களாக அமர்ந்திருந்தனர். நகரம் போற்றும் தெய்வங்களை அவர் ஏற்பதில்லை. புதிய தெய்வ சக்திகளைப் புகுத்துகிறார். இளைஞர்களின் மனத்தைக் கெடுக்கிறார் என்பவை அவர் மீது சுமத்தப்பட்ட குற்றங்கள். அன்று மாலைக்குள் வழக்கு முடிந்து, மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. அந்த முதியவர் சாக்ரடீஸ்.

தெய்வத்தை மறுத்தவர் என்று கொல்லப்பட்ட இந்த மனிதர் நகரத்தின் பலிபீடங்களில் முறைப்படி வழிபட்டவர். உதிக்கும் சூரியனை வணங்கியவர். இறக்கும் தறுவாயிலும் ஒரு தெய்வத்திற்குரிய காணிக்கையை மறக்காதவர். இத்தகைய ஒருவரை அறிவிலும் கலையிலும் சிறந்த ஒரு நகரம் நாத்திகர் என்று ஏன் தண்டித்தது? பழங்காலச் சமுதாயங்களில் நம்பிக்கை, மறுப்பு ஆகியவற்றின் பொருள் என்ன என்பதை அவரது வாழ்க்கையிலிருந்து நாம் அறிந்துகொள்ளலாம்.

சிற்பியின் மகன்

சாக்ரடீஸ் கி.மு. 470-ஐ ஒட்டி ஏதென்ஸில் பிறந்தார். தந்தை சோப்ரோனிஸ்கஸ் கல் தச்சர். தாய் பைனரீட் மருத்துவச்சி. தாயின் தொழிலையே தானும் செய்வதாகச் சாக்ரடீஸ் பிற்காலத்தில் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. தாய் குழந்தைகள் பிறக்க உதவினார்; மகனோ பிறர் மனத்திலுள்ள எண்ணங்கள் பிறக்க உதவி, பிறந்தவை உயிருள்ளவையா என்று சோதித்தும் பார்த்தார்.

அவர் எதையும் எழுதவில்லை. அவரைப் பற்றி நாம் அறிபவை பெரும்பாலும் அவருடைய மாணவர்களான பிளேட்டோ, செனபோன் ஆகியோரின் நூல்களிலிருந்தும், அவரைக் கேலி செய்த அரிஸ்டோபேனஸின் நாடகத்திலிருந்தும் கிடைப்பவை.

தோற்றத்தில் அவர் அழகர் அல்லர். தட்டையான மூக்கு, துருத்திய கண்கள், கோடையிலும் குளிரிலும் ஒரே மேலாடை, செருப்பு அணியாத கால்கள். கற்பிப்பதற்குக் கூலி வாங்காததால் வறுமை அவரை விட்டு நீங்கவில்லை. மனைவி சாந்திப்பியும் மூன்று புதல்வர்களும் அந்த எளிய இல்லத்தில் வாழ்ந்தனர்.

ஏதென்ஸின் தெய்வங்கள்

ஏதென்ஸில் சமயத்திற்கென ஒரு புனித நூல் கிடையாது. இன்ன கொள்கையை நம்ப வேண்டும் என்ற உறுதிமொழியும் கிடையாது. நகரத்தின் காவல் தெய்வமான அதீனாவுக்கும், சியுஸ், அப்போலோ முதலான தெய்வங்களுக்கும் முன்னோர் வகுத்த நாட்களில், முன்னோர் வகுத்த முறையில் விழாவும் பலியும் நடைபெற வேண்டும், அதுவே சமயம். போருக்குப் புறப்படுவதற்கும், மக்கள் அவை கூடுவதற்கும், பயிர் விளைவதற்கும் தெய்வங்களின் அருள் தேவை என்று அம்மக்கள் உறுதியாக நம்பினர். ஒருவன் செய்யும் தெய்வக் குற்றத்தால் நகரம் முழுவதும் துன்புற நேரிடலாம் என்ற அச்சமும் அவர்களிடம் இருந்தது.

எனவே தெய்வங்களை ஏற்பது என்பது முதலில் வழிபாட்டில் பங்கு கொள்வதையே குறித்தது. அதற்கான கிரேக்கச் சொல்லுக்கு வழக்கப்படி மதித்தல் என்றும், உண்டென்று நம்புதல் என்றும் இரு பொருள்கள் உண்டு. சாக்ரடீஸின் வழக்கு இந்த இரண்டு பொருள்களுக்கும் இடையில்தான் நிகழ்ந்தது.

நம் நாட்டிலும் நாத்திகன் என்ற சொல் எல்லாக் காலத்திலும் ஒரே பொருளைத் தரவில்லை. மனு ஸ்மிருதி வேதத்தை இகழ்பவனையே நாத்திகன் என்கிறது. உலகைப் படைத்த இறைவன் ஒருவனை நிறுவ முயலாத சாங்கியமும் மீமாம்சையும், வேதத்தை ஏற்றதால் ஆத்திக தரிசனங்களாகவே கருதப்பட்டன. மறுவுலகையும் வேதத்தையும் சேர்த்து மறுத்த சார்வாகர்கள் நாத்திகர் எனப்பட்டனர். ஆகவே பழங்காலத்தில் ஒருவர் நாத்திகர் என்று அழைக்கப்பட்டார் என்றால், அவர் எதை மறுத்தார் என்று கேட்பது அவசியமாகிறது.

மறுப்பின் குரல்கள்

சாக்ரடீஸ் பிறப்பதற்கு முன்பே கிரேக்கர்களிடையே தெய்வங்களைப் பற்றிய கேள்விகள் எழுந்துவிட்டன. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பிறந்த செனோபேனஸ், ஒவ்வோர் இனத்தாரும் தங்கள் சாயலிலேயே தெய்வங்களைக் கற்பனை செய்கிறார்கள் என்றார். திருட்டு, வஞ்சகம் போன்ற இழிசெயல்களைக் கவிஞர்கள் தெய்வங்களின் மீது ஏற்றிச் சொன்னதைக் கண்டித்தார். ஆயினும் அவர் தெய்வத்தை மறுக்கவில்லை. மனித உருவமும் மனித குணமும் அற்ற பரம்பொருளைத் தேடினார்.

ஏதென்ஸில் வாழ்ந்த அனக்சகோரஸ், சூரியன் தெய்வமன்று, கனன்று எரியும் பெரும் பாறை என்றார். தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு அவர் நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. புரோடகோரஸ், தெய்வங்கள் உண்டா இல்லையா என்பதை அறிய வழியில்லை. விஷயமோ தெளிவற்றது, மனித ஆயுளோ குறுகியது என்றார். மெலோஸ் தீவைச் சேர்ந்த டயகோரஸ், மக்கள் புனிதமாகப் போற்றிய எலூசிஸ் தீட்சைச் சடங்குகளை ஏளனம் செய்தார். ஏதென்ஸ் அவரது தலைக்கு விலை வைத்தது. தெய்வங்கள் என்பவை மறைவில் குற்றம் செய்வோரை அச்சுறுத்த ஒரு புத்திசாலி கண்டுபிடித்த கதையே என்று பேசும் ஒரு நாடகப் பகுதியும் அக்காலத்திலிருந்து நமக்குக் கிடைத்துள்ளது. அதை இயற்றியவர் கிரிடியாஸ் என்று சிலரும் யூரிபிடிஸ் என்று சிலரும் கூறுவர்.

சாக்ரடீஸ் வாழ்ந்த சூழல் இது. இளமையில் அவரும் இயற்கையைப் பற்றிய ஆராய்ச்சியில் ஆர்வம் கொண்டிருந்தார். அனைத்தையும் ஒழுங்குபடுத்துவது பேரறிவே என்று அனக்சகோரஸ் எழுதியிருப்பதைக் கேட்டு மகிழ்ந்தார். ஆனால் நூலைப் படித்தபோது, காற்று, நீர் போன்ற பொருள்களே காரணங்களாகக் கூறப்பட்டிருந்ததையும், அந்தப் பேரறிவுக்கு அங்கு வேலையே இல்லாததையும் கண்டு ஏமாற்றமடைந்தார். அதன்பின் அவரது தேடல் மனிதனை நோக்கித் திரும்பியது. நன்மை எது, நீதி எது, ஆன்மாவை எவ்வாறு பேணுவது என்பவையே அவரது கேள்விகளாயின.

டெல்பியின் வாக்கு

சாக்ரடீஸின் இளமைக்கால நண்பர் கைரிபோன் ஒருமுறை டெல்பியிலுள்ள அப்போலோ ஆலயத்திற்குச் சென்றார். அங்கு தெய்வ வாக்கு உரைக்கும் பெண் பூசாரியிடம், சாக்ரடீஸைவிட அறிவாளி எவரேனும் உண்டா என்று கேட்டார். எவரும் இல்லை என்று பதில் வந்தது.

இதைக் கேட்ட சாக்ரடீஸ் திகைத்தார். தனக்கு எதுவும் தெரியாது என்பதை அவர் அறிந்திருந்தார். தெய்வமோ பொய் சொல்லாது. அப்படியானால் அந்த வாக்கின் பொருள் என்ன? அதை அறிய அவர் அரசியல்வாதிகள், கவிஞர்கள், கைவினைஞர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிச் சென்று வினவினார். ஒவ்வொருவரும் தாம் அறியாதவற்றையும் அறிந்ததாக எண்ணிக்கொண்டிருந்தனர். தன் அறியாமையை உணர்ந்திருப்பதே தன்னிடமுள்ள ஒரே சிறப்பு என்பதையும், மனித அறிவு மிகச் சிறியது, தெய்வம் ஒன்றே உண்மையில் ஞானம் உடையது என்பதையே அந்த வாக்கு உணர்த்துகிறது என்பதையும் அவர் புரிந்துகொண்டார்.

அந்தப் புரிதல் அவருக்கு ஒரு கடமையாயிற்று. சந்தையிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் நண்பர்களின் இல்லங்களிலும் மக்களிடம் கேள்விகள் கேட்டு, பணத்தையும் புகழையும் விட ஆன்மாவைப் பேணுமாறு தூண்டினார். நகரம் இதைத் தொல்லை என்று எண்ணியது. அவருக்கோ அது தெய்வப் பணி. விசாரணையும் பக்தியும் அவர் வாழ்வில் ஒன்றாகவே இருந்தன.

உள்ளிருந்து தடுத்த குரல்

சிறு வயது முதல் அவருக்குள் ஒரு குரல் ஒலித்து வந்தது. தவறான செயலில் இறங்கும்போதெல்லாம் அது தடுக்கும். எதையும் செய் என்று தூண்டாது. அவர் அதைத் தெய்வ அடையாளமாகவே மதித்து, அற்பமான விஷயங்களிலும் அதற்குக் கீழ்ப்படிந்தார்.

பொடிடையா முற்றுகையின்போது நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பிளேட்டோ பதிவு செய்துள்ளார். ஒரு நாள் அதிகாலையில் ஏதோ ஒன்றைச் சிந்தித்தபடி சாக்ரடீஸ் நின்றார். நண்பகல் ஆயிற்று; அவர் அசையவில்லை. மாலையில் வீரர்கள் சிலர் உணவு உண்டபின், தங்கள் படுக்கைகளை வெளியே கொண்டுவந்து போட்டு, இரவு முழுவதும் அவர் நிற்பாரா என்று பார்த்திருந்தனர். மறுநாள் விடியும் வரை அவர் அங்கேயே நின்றார். சூரியன் உதித்ததும் அதை வணங்கிவிட்டுத் தன் வழியே சென்றார்.

அவர் வழிபட்ட முறை குறித்து செனபோன் எழுதியவை நம் நாட்டுப் பக்தர்களுக்குப் பழக்கமானவையாகவே தோன்றும். பொன்னையும் அதிகாரத்தையும் அவர் வேண்டியதில்லை. எது நன்மை என்பதைத் தெய்வங்களே நன்கறியும் என்பதால், நன்மையைத் தருமாறு மட்டுமே வேண்டினார். எளியவர் அளிக்கும் சிறு காணிக்கை, செல்வர் அளிக்கும் பெரும் பலிகளுக்குக் குறைந்ததன்று. தெய்வம் மகிழ்வது பக்தியுள்ளோர் செலுத்தும் மரியாதையில்தான் என்பது அவரது உறுதியான கருத்து.

இந்தியர் ஒருவர் ஏதென்ஸில் சாக்ரடீஸைச் சந்தித்ததாக ஒரு பழைய மரபுச் செய்தியும் உண்டு. அரிஸ்டாட்டிலின் மாணவரான அரிஸ்டாக்சினஸ் கூறியதாக இதை யூசிபியஸ் பாதுகாத்துள்ளார். அவருடைய தத்துவம் எதைப் பற்றியது என்று அந்த இந்தியர் கேட்டார். மனித வாழ்வைப் பற்றியது என்றார் சாக்ரடீஸ். தெய்வத்தை அறியாமல் மனிதனை எவ்வாறு அறிய முடியும் என்று கேட்டு இந்தியர் சிரித்தாராம். இது நடந்ததோ இல்லையோ, தெய்வ விசாரமும் ஆன்ம விசாரமும் பிரிக்க முடியாதவை என்பது பாரதத்தின் கருத்து என்று அன்றைய கிரேக்கர் அறிந்திருந்தனர் என்பதை இக்கதை காட்டுகிறது.

மேடையில் ஏறிய பழி

கி.மு. 423-இல் அரிஸ்டோபேனஸின் மேகங்கள் என்ற நாடகம் அரங்கேறியது. அதில் வரும் சாக்ரடீஸ் கூடையில் தொங்கியபடி வானத்தை ஆராய்கிறார், சியுஸ் என்று ஒரு தெய்வமே இல்லை என்கிறார், மேகங்களை வழிபடுகிறார், கடனை ஏமாற்றும் வாதத்திறமையைக் கற்பிக்கும் கூடம் ஒன்றை நடத்துகிறார். இறுதியில் அந்தக் கூடம் தீக்கிரையாக்கப்படுகிறது.

இவற்றுள் எதுவும் உண்மையான சாக்ரடீஸுக்குப் பொருந்தாது. அனக்சகோரஸின் இயற்கை ஆராய்ச்சியையும், கூலிக்கு வாதக்கலை கற்பித்த சோபிஸ்டுகளின் போக்கையும் நாடக ஆசிரியர் ஒரே உருவில் இணைத்துவிட்டார். ஆனால் சிரித்துப் பார்த்த மக்கள் மனத்தில் அந்த உருவமே பதிந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றத்தில் நின்றபோது, எதிரே நின்று குற்றம் சாட்டியவர்களைவிட இந்தப் பழைய வதந்தியே தனக்குப் பேராபத்து என்று சாக்ரடீஸ் கூறினார்.

அறத்தின் பக்கம்

இதற்கிடையில் ஏதென்ஸ் நிம்மதி இழந்துவிட்டது. கி.மு. 431-இல் ஸ்பார்ட்டாவுடன் தொடங்கிய போர் இருபத்தேழு ஆண்டுகள் நீடித்தது. கொள்ளை நோய் பெரும் எண்ணிக்கையில் மக்களைக் கொன்றது. கி.மு. 415-இல் சிசிலிக்குப் படை புறப்படும் வேளையில், தெருக்களில் இருந்த ஹெர்மிஸ் தெய்வத்தின் கற்சிலைகளை இரவோடு இரவாக யாரோ சிதைத்தனர். தெய்வ கோபத்திற்கு அஞ்சிய நகரம் பலரைச் சிறையிலிட்டது, சிலரைக் கொன்றது. அந்தப் படையெடுப்பு படுதோல்வியில் முடிந்தது. அச்சம் வளர வளர, புதிய கேள்விகள் கேட்பவர்கள் மீதான சந்தேகமும் வளர்ந்தது.

கி.மு. 406-இல் அர்கினூசே கடற்போரில் வென்ற தளபதிகள், புயலின் காரணமாக, நீரில் தத்தளித்த தம் வீரர்களை மீட்கத் தவறினர். கொதித்தெழுந்த மக்கள் அவை அவர்கள் அனைவரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க முனைந்தது. அது சட்ட விரோதம். அன்று அவையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ், கூட்டத்தின் மிரட்டலுக்கு அஞ்சாமல் தன் ஒப்புதலை மறுத்தார். ஆயினும் ஆறு தளபதிகள் கொல்லப்பட்டனர்.

கி.மு. 404-இல் ஏதென்ஸ் தோற்றது. முப்பது கொடுங்கோலர்களின் ஆட்சி வந்தது. சலாமிஸைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்து வருமாறு சாக்ரடீஸுக்கும் மற்ற நால்வருக்கும் அவர்கள் ஆணையிட்டனர். நால்வரும் சென்று பிடித்து வந்தனர். சாக்ரடீஸ் தன் வீட்டிற்குச் சென்றுவிட்டார். அந்த ஆட்சி விரைவில் கவிழ்ந்திராவிட்டால் அன்றே அவர் உயிர் போயிருக்கும்.

தெய்வங்களுக்குப் பலியிடுவதில் குறைவைக்காத பலர் அந்நாட்களில் அநீதிக்குத் துணை போயினர். தெய்வத்தை மறுத்தவர் என்று பழி சுமந்த ஒருவர், மக்களாட்சிக்கும் அஞ்சவில்லை, கொடுங்கோன்மைக்கும் அஞ்சவில்லை.

பக்தி என்றால் என்ன?

கி.மு. 403-இல் மக்களாட்சி திரும்பியது. பொது மன்னிப்பும் அறிவிக்கப்பட்டது. ஆனால் காயம் ஆறவில்லை. கொடுங்கோலர்களின் தலைவனான கிரிடியாஸும், நகருக்குத் துரோகம் செய்த அல்கிபயாடிஸும் ஒரு காலத்தில் சாக்ரடீஸுடன் பழகியவர்கள். இதை மக்கள் மறக்கவில்லை. இந்நிலையில்தான் மெலிடஸ், அனிடஸ், லைகோன் ஆகிய மூவரும் வழக்குத் தொடுத்தனர்.

முதல் விசாரணைக்குச் சென்ற இடத்தில் யூதிப்ரோ என்ற சமய வல்லுநரைச் சாக்ரடீஸ் சந்தித்ததாகப் பிளேட்டோ எழுதுகிறார். யூதிப்ரோ தன் தந்தையின் மீதே கொலை வழக்குத் தொடுக்க வந்திருந்தார். அதுவே தெய்வங்களுக்கு உகந்த செயல் என்றும் உறுதியாகக் கூறினார். அப்படியானால் பக்தி என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்டார். தெய்வங்கள் விரும்புவது பக்தி என்று பதில் வந்தது. தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று அவர் மீண்டும் கேட்டார். யூதிப்ரோவால் விடை கூற இயலவில்லை; வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

இந்தக் கேள்வியில்தான் சாக்ரடீஸின் சமயமே அடங்கியிருக்கிறது. தெய்வங்கள் ஒன்றையொன்று வஞ்சிக்கின்றன, தந்தையைச் சங்கிலியால் பிணைக்கின்றன என்ற கதைகளை அவரால் ஏற்க முடியவில்லை. தெய்வம் என்றால் அது முற்றிலும் நல்லதாகவே இருக்க வேண்டும். நல்ல தெய்வத்தைப் பலி கொடுத்து விலைக்கு வாங்க இயலாது. நல்லவனாக வாழ்ந்தே அதை நெருங்க முடியும். இது நாத்திகமன்று. ஆனால் பலியையும் அருளையும் கொடுக்கல் வாங்கலாகக் கருதியவர்களுக்கு இதுவும் நாத்திகமாகவே தோன்றியது.

தீர்ப்பு

நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் மெலிடஸைக் குறுக்கு விசாரணை செய்தார். தான் வேறு தெய்வங்களை நம்புவதாகக் குற்றமா, எந்தத் தெய்வத்தையும் நம்பாததாகக் குற்றமா என்று கேட்டார். எதையும் நம்பாத முழு நாத்திகர் என்றார் மெலிடஸ். சூரியனைக் கல் என்றும் சந்திரனை மண் என்றும் கூறுபவர் என்றார். அது அனக்சகோரஸின் கருத்து, அவருடைய நூல் ஒரு திராக்மாவுக்குக் கடைத்தெருவில் கிடைக்கிறது என்று சாக்ரடீஸ் நினைவூட்டினார். புதிய தெய்வ சக்திகளைப் புகுத்துபவர் எப்படித் தெய்வமே இல்லை என்பவராக இருக்க முடியும் என்றும் வினவினார்.

இனிக் கேள்விகள் கேட்பதில்லை என்று வாக்களித்தால் விடுதலை என்றாலும் தான் அதை ஏற்கப்போவதில்லை என்று அவர் தெளிவுபடுத்தினார். அது தெய்வம் இட்ட பணி. போர்க்களத்தில் தளபதி நிறுத்திய இடத்தை விட்டு விலகாதவர், தெய்வம் நிறுத்திய இடத்தை மரண பயத்தால் விட்டு விலகுவதா? அவரைப் பொறுத்தவரை, மௌனம் காப்பதே உண்மையான தெய்வ நிந்தனை.

முப்பது வாக்குகள் மாறியிருந்தால் அவர் விடுதலை பெற்றிருப்பார். குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. தண்டனையைத் தானே முன்மொழியும் உரிமை அவருக்கு இருந்தது. நகரத்திற்குத் தான் செய்த சேவைக்குப் பொதுச் செலவில் உணவளிப்பதே பொருத்தம் என்றார். பின்னர் நண்பர்களின் வற்புறுத்தலால் முப்பது மினா அபராதம் செலுத்த முன்வந்தார். நடுவர்கள் மரணத்தையே விதித்தனர்.

கடைசிக் காணிக்கை

அப்போது ஏதென்ஸின் புனிதக் கப்பல் அப்போலோவின் தீவான டெலோஸுக்குச் சென்றிருந்தது. அது திரும்பும் வரை நகரில் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது மரபு. எந்தத் தெய்வங்களை மறுத்ததாகத் தண்டிக்கப்பட்டாரோ, அந்தத் தெய்வங்களுள் ஒருவருடைய விழாவே அவரது ஆயுளை ஒரு மாதம் நீட்டித்தது. சிறையில் அவர் அப்போலோவைப் போற்றி ஒரு பாடல் இயற்றினார்.

நண்பர் கிரிட்டோ தப்பிச் செல்ல எல்லா ஏற்பாடுகளும் செய்திருந்தார். சாக்ரடீஸ் மறுத்தார். வாழ்நாள் முழுவதும் எந்தச் சட்டங்களின் பாதுகாப்பில் வாழ்ந்தாரோ, அவை தனக்கு எதிராகத் திரும்பியதும் அவற்றை மீறுவது அறமன்று என்றார். அநீதிக்கு அநீதியால் பதில் செய்யலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இறுதி நாள் முழுவதும் ஆன்மாவின் அழியாமையைப் பற்றியே பேச்சு நடந்தது. மாலையில் நீராடினார், குழந்தைகளுக்கு விடை கொடுத்தார். நஞ்சுக் கிண்ணம் வந்தபோது, அதிலிருந்து சிறிது தெய்வங்களுக்கு வார்க்கலாமா என்று கேட்டார். தேவையான அளவே அரைக்கப்பட்டுள்ளது என்றான் ஏவலாள். அப்படியானால் பிரார்த்தனையேனும் செய்யலாம் என்று கூறி, மறுமைக்கான பயணம் நலமாக அமைய வேண்டிக்கொண்டு, நடுக்கமின்றிப் பருகினார். அழுத நண்பர்களைக் கடிந்துகொண்டார். உடல் குளிர்ந்துகொண்டிருந்தபோது முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, மருத்துவத் தெய்வமான அஸ்கிலிபியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் செலுத்திவிடு என்று கிரிட்டோவிடம் கூறினார். அதுவே அவரது கடைசிப் பேச்சு. நோய் நீங்கியவர்கள் அந்தத் தெய்வத்திற்குச் சேவல் செலுத்துவது வழக்கம்.

வரலாறு தரும் பாடம்

பழி சுமத்தும் வழக்கம் சாக்ரடீஸுடன் முடியவில்லை. அவருடைய மாணவரான பிளேட்டோவே முதுமையில் எழுதிய சட்டங்கள் என்ற நூலில், தெய்வங்கள் இல்லை என்போருக்குச் சிறைத் தண்டனையையும், திருந்தாதவர்களுக்கு மரணத்தையும் விதிக்கப் பரிந்துரைத்தார். குருவைக் கொன்றது போன்ற ஒரு சட்டத்தைச் சீடரே எழுதியது வரலாற்றின் வேதனையான முரண். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், ரோமானியப் பேரரசின் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்த கிறிஸ்தவர்கள் நாத்திகர்கள் என்று தூற்றப்பட்டனர். அப்போது அவர்களுக்காக வாதாடிய ஜஸ்டின், சாக்ரடீஸும் இப்படித்தான் பழிக்கப்பட்டார் என்று எடுத்துக்காட்டினார்.

பண்டைய உலகில் தெய்வத்தை உண்மையிலேயே மறுத்தவர்கள் இருந்தனர். தெய்வத்தைப் பற்றிய தாழ்ந்த கருத்துகளை மட்டும் மறுத்தவர்களும் இருந்தனர். அச்சத்தில் மூழ்கிய சமுதாயம் இவ்விருவரையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. சாக்ரடீஸ் கேட்ட கேள்விகள் ஏதென்ஸின் தெய்வங்களுக்கு ஊறு செய்யவில்லை. தெய்வத்தின் பெயரால் சுயநலத்தை மறைத்தவர்களுக்கே அவை ஊறு செய்தன.

சந்தேகம் எழும்போது நம்பிக்கை குலைந்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள் சாக்ரடீஸை நினைத்துப் பார்க்க வேண்டும். டெல்பியின் வாக்கைக் கேட்டபோது அவர் அதைப் பொய் என்று ஒதுக்கவும் இல்லை, ஆராயாமல் ஏற்கவும் இல்லை. அதன் பொருளைத் தேடி வாழ்நாள் முழுவதும் நடந்தார். நேர்மையான கேள்வியும் உறுதியான பக்தியும் ஓர் உள்ளத்தில் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு அவரது வாழ்வும், அஞ்சாமல் ஏற்ற அந்த மரணமும் சான்றாக நிற்கின்றன.